ராயபுரம் ஆயா சொல்லும் சொற்களும் சான்றுதான்

உங்கள் ஆயா பேசும் "துட்டு", "பேஜார்", "நாஷ்டா" எல்லாம் கொச்சை, கட்டுரைக்கு உதவாது என்று ஆசிரியர் ஒதுக்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒதுக்காதீர்கள், இந்தக் கரைக்கு யார் யார் வந்து போனார்கள் என்பதற்கு அவை சான்று. உங்கள் கட்டுரையே அதில்தான் இருக்கிறது.

துட்டு டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக்காசு. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் அவர்கள் கோட்டை கட்டியதை நினைத்துக்கொண்டால், கடைத்தெருவில் யாருடைய காசு புழங்கியது என்பது புரியும். பேஜார், நாஷ்டா இரண்டும் பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக வந்தவை.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். ஜன்னல், சாவி போர்ச்சுகீசியச் சொற்கள். அதனால் நம்மிடம் முன்பு ஜன்னலே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சாளரமும் திறவுகோலும் இருந்தன. புது மாதிரிப் பொருள் வந்தபோது அதன் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அப்புறம், எதிர்த்திசையையும் பாருங்கள். காசிமேட்டுக்காரர்கள் சொல்லும் கட்டுமரத்தை ஆங்கிலேயர் 'கேட்டமரான்' ஆக்கிக்கொண்டார்கள். கரைக்கு வந்தவர்கள் கடன் வாங்கியது மீனவரிடம்! ஆயாவிடம் வலை, படகுச் சொற்களையும் கேட்டு எழுதிவையுங்கள். எது தமிழ், எது வந்தது என்று அப்புறம் பிரிக்கலாம்.