ஊற்றுக்கு வேலி எங்கே போடுவது?

அன்பின் ஆசிரியருக்கு,

எங்கள் தோட்ட லயத்தில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு (குழாய்வாய்க்கு) நீர் தரும் ஊற்றைச் சுற்றிப் பத்து மீற்றருக்கு வேலி அடைத்து, யூகலிப்டஸ் நட்டார்கள். சில வருடங்களாகியும் ஆகஸ்டில் பீலி நூல்போலத்தான் ஒழுகுகிறது. இப்போது மேலேயுள்ள மரக்கறிக் காணிகளையும் சேர்த்து ஒதுக்குக் காடாக்க வேண்டும் என்று பேச்சு. காணிக்காரர்கள் கொதிக்கிறார்கள். பாதுகாப்பு நிலத்தைக் கூட்டாமல் வழியே இல்லையா?

ச., அப்புத்தளை

அன்பின் ச.,

கூட்டத்தான் வேண்டும். எந்தத் துண்டைக் கூட்டுவது என்பதில்தான் சிக்கல். ஊற்றுக்கண்ணைச் சுற்றிய வேலி மாடு கலக்காமல் காக்கும், தண்ணீரைக் கூட்டாது. உங்கள் பக்கத்துப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆகஸ்டில் நீங்கள் குடிப்பது அந்த மழையில் மண்ணுக்கும் உக்கிய பாறைக்கும் இறங்கிய மிச்சம். அது எந்தச் சரிவில் இறங்குகிறதோ அந்தச் சரிவைத்தான் பாதுகாக்க வேண்டும்.

அது ஊற்றுக்கு நேர் மேலே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரோட்டுக்கு மலையை வெட்டிய இடங்களில் பாறை அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். முகட்டிலிருந்து உங்கள் ஊற்றை நோக்கிச் சாய்ந்தால், மழை இறங்குவது முகட்டுக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம். ஊற்றும் துப்புத் தரும். மழை பெய்த அன்றே கலங்கிப் பெருகினால் பக்கத்து மேல்மண் தண்ணீர் கலக்கிறது. சில கிழமை கழித்துத் தெளிவாகப் பெருகினால் தூரத்துத் தண்ணீர்.

கிழமைக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று குறியுங்கள். 40 விநாடி என்றால் நாளுக்கு 43,200 லீற்றர். 3 நிமிடம் என்றால் 9,600. முப்பது குடும்பத்துக்கு, குடும்பத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்றால் 15,000 தேவை. (இரவில் ஓடுவதைப் பிடிக்கத் தொட்டி இல்லாத லயங்களில் அந்த 9,600இலும் பெரும்பகுதி வீண். காடு வளர்க்குமுன் தொட்டி கட்டலாம்.) பக்கத்தில் ஒரு மழைமானியும் இருந்தால், ஒரு வருடக் கணக்கே எந்தச் சரிவு என்ற வாதத்தைப் பாதி தீர்த்துவிடும்.

5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கும் பழைய விதி 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையில் வந்தது. மகாவலி, களனி, வளவை நீர்த்தலைகளுக்கு அது அவசியம். ஹோட்டன் சமவெளியின் 3,160 ஹெக்டேயர் 1988இல் தேசிய பூங்கா ஆனதும் சரியே. ஆனால் லயத்து ஊற்றுகள் பல அந்தக் கோட்டுக்குக் கீழே, தேயிலைக்குள் இருக்கின்றன. அந்த நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் குத்தகையில் இருப்பது. காணிக்காரரின் கரட் பாத்தியைப் பிடுங்குமுன், விளைச்சலில்லாத செங்குத்துத் தேயிலை மலைகளை விட்டுத்தரும்படி கம்பனியைக் கேட்பதே நியாயம்.

ஒதுக்குக் காடு என்றால் விறகுக்கும் தடை. மாற்றாக, தேசிய சுற்றாடல் சட்டத்தில் ‘சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம்’ என ஒரு வழி உண்டு. நுவரெலியா கிரகரி வாவி அப்படி அறிவிக்கப்பட்டது. ஆட்களைக் காணியிலிருந்து எழுப்பாமல், எது செய்யலாம், எது கூடாது என்று வரையறுக்கலாம். கூடாதவற்றில் பாறை வெடிப்பையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் முதலில் எழுதுங்கள். 2014 டிசம்பரில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபின் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதும் வீடுகளில் விரிசல் விழுந்ததும் உங்களுக்குத் தெரியும். கீழே பாறை திறந்தால் மேலே எத்தனை மரம் நின்றும் பயனில்லை.

விவசாயம் தொடரும் காணியில் கான்கள்தான் (மழைநீர் வடிகால்கள்) முக்கியம். சரிவுக்குக் குறுக்கே, 120 அடிக்கு ஓரடி இறக்கத்தில் வெட்டி, இடையிடையே மண்தடுப்பு விட வேண்டும். தடுப்பு கான் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லையேல் பெருமழையில் விளிம்பு உடைந்து பாத்தியையே கொண்டுபோகும். செங்குத்துச் சரிவில் நீரிறக்கும் குழி மட்டும் வெட்டாதீர்கள். 2014இல் மீரியபெத்தை மண்சரிவு நடந்த வட்டாரம் உங்களுடையது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பாராமல் மண்வெட்டி எடுக்கக் கூடாது.

பள்ளத்துச் சதுப்பில் லீக்ஸ் போட இரண்டடி வாய்க்கால் வெட்டினால் சுற்றுமுள்ள நீர்மட்டம் அந்த ஆழத்தை நோக்கி இறங்கும். வாய்க்காலை ஆழமாக்காமல் பாத்தியை உயர்த்துங்கள். காணிகளில் மிஞ்சும் உரத்தின் நைத்திரேற்றைக் குறைப்பதும் அந்தச் சதுப்புத்தான். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

தண்ணீரை நிறைய உறிஞ்சும் யூகலிப்டஸை எடுக்கத்தான் வேண்டும், ஒரேயடியாக அல்ல. மொத்தமாக வெட்டினால் சில வருடத்தில் வேர் உக்கிச் சரிவு தளரும். மூன்றிலொன்றாக வெட்டி, இடைவெளியில் நாவல், அத்தி நட்டு, அவை வேர்பிடித்தபின் அடுத்த பங்கு. வெட்டிய அடிக்கட்டையில் வரும் துளிரை மீண்டும் மீண்டும் ஒடிக்காவிட்டால் ஒன்று நின்ற இடத்தில் நான்கு நிற்கும். வாளிக் கணக்கை இந்த ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். மழை வந்தபின் எடுக்கும் முதல் அளவை வைத்துக் கம்பனியோடு பேசப் போனால், தண்ணீர்தான் போதுமே என்பார்கள்.