மரத்தூளும் சிரட்டைக்கரியும் கலந்த பையில் மிளகாய் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): மொட்டைமாடியில் உரப்பைகளில் மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறேன். மண்ணில் காபன் கூடினால் விளைச்சல் கூடும் என்று கேள்விப்பட்டு, மூன்றில் ஒரு பங்கு மரத்தூளும் கொஞ்சம் சிரட்டைக்கரியும் மண்ணில் கலந்தேன். நட்டு மூன்று கிழமையில் அடியிலைகள் மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிட்டது. இது நோயா?

பதில்: நோயில்லை அம்மா, நைதரசன் பட்டினி. செடி தனக்கு வேண்டிய காபனைக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து இலை வழியாக எடுத்துக்கொள்கிறது. மண்ணில் போடும் காபன் நுண்ணுயிர்களுக்கான தீனி. அந்தத் தீனியில் 25 முதல் 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசனாவது இருக்கவேண்டும். மாட்டெருவில் ஏறக்குறைய அந்த அளவு உண்டு. கிளிசரிடியா என்ற வேலி மரத்தின் இலையில் நைதரசன் அதைவிடக் கூடுதல். மரத்தூளிலோ 400 பங்கு காபனுக்கு ஒரு பங்குதான். பற்றாக்குறையை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து இழுக்கின்றன. செடி தன் பழைய இலைகளில் இருப்பதை உருவித் தளிருக்கு அனுப்புகிறது. அடியிலை முதலில் வெளிறுவது அதனால்தான்.

கணக்காகவே பாருங்கள். 10 கிலோ காய்ந்த மரத்தூளில் சுமார் 5 கிலோ காபன் இருக்கும், நைதரசன் 12 கிராம் அளவுதான். அதை 30-க்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 330 கிராம் யூரியா வேண்டும். கிளிசரிடியாவால் ஈடுகட்டுவதானால் 30 கிலோ பச்சை இலையாவது தேவை. மாடித் தோட்டத்துக்கு மரத்தூள் வேண்டாம் என்பதே என் கருத்து. பிளைவூட் அறுத்த தூள் என்றால் கிட்டவே சேர்க்காதீர்கள், அதில் பசை இருக்கும்.

இப்போது செய்யவேண்டியது: பூவிட்ட செடிகளைப் பிடுங்காதீர்கள். 5 லீற்றர் தண்ணீரில் மட்டமாக இரண்டு தேக்கரண்டி யூரியா கரைத்து, பைக்கு அரை லீற்றர் வீதம், கிழமைக்கு ஒருமுறை, ஈர மண்ணில் ஊற்றுங்கள். மூன்று நான்கு தடவை போதும். புதுத் தளிர் பச்சையாக வந்தால் சரி. மஞ்சளான இலை பழையபடி பச்சையாகாது. மே, யூன் மழையில் பை வழியே எல்லாம் கழுவிப் போய்விடும், ஆகவே மொத்தமாக ஒரே தடவையில் போடவேண்டாம். செடி வைக்காத பைகளின் கலவையைக் கொட்டி, கோழி எரு சேர்த்து, நனைத்து மூடி, மூன்று மாதமாவது மக்கவிடுங்கள்.

சிரட்டைக்கரியும் காபன்தான், ஆனால் குணம் வேறு. காற்றுக் குறைவில் எரியும்போது அதன் அணுக்கள் இறுக்கமான வளையங்களாகக் கோத்துக்கொள்கின்றன. நுண்ணுயிரால் எளிதில் உடைக்கமுடியாது. அமேசன் காட்டின் கறுப்பு மண்ணில் பழங்குடிகள் விட்ட கரி நூற்றாண்டுகள் தாண்டி இன்னும் இருக்கிறது. கரி பசளையல்ல. அதன் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். வெறுங்கரியைப் போட்டால் முதலில் உங்கள் பசளையையே பிடித்துக்கொள்ளும். ஆகவே, தூசி மூக்கில் ஏறாதபடி நனைத்து, பயறளவுக்கு நொறுக்கி, சம அளவு கூட்டெருவோடு கலந்து இரண்டு மூன்று கிழமை ஈரமாக வைத்த பிறகே போடுங்கள். பைக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று: கரியோடு வரும் சாம்பல் காரத்தன்மையுள்ளது. நரம்பு பச்சையாக நிற்க, நுனித் தளிர் மட்டும் வெளிறினால் அது நைதரசன் குறையல்ல. காரம் கூடி இரும்புச்சத்து கிடைக்காமல் போன அறிகுறி. அந்தப் பைகளுக்குச் சாம்பலோ, காரத்தைக் கூட்டும் சுண்ணக்கல் தூளான டொலமைற்றோ போடாமல் கூட்டெருவைக் கூட்டுங்கள்.