நூறு வயது வெள்ளை பிளவுஸைத் துவைக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகள் அங்கே பழம்பொருள் சந்தையில் ஒரு வெள்ளை பிளவுஸ் வாங்கி வந்திருக்கிறாள். உயரமான கழுத்து, முழுக்கை, உடம்பெல்லாம் லேஸும் பொடி மடிப்பும். 'எட்வர்டியன்' என்று சொல்லி விற்றார்களாம். துணி பழுப்பேறிக் கிடக்கிறது; முதுகில் கொக்கிகளைச் சுற்றி ஆரஞ்சுக் கறை. தோழியின் கல்யாணத்துக்கு அதைத்தான் போடுவேன் என்கிறாள். உண்மையிலேயே அந்தக் காலத்துத் துணிதானா? ஆக்ஸிஜன் பிளீச்சில் ஊறவைத்தால் வெளுக்குமா, டிரை கிளீனிங் கொடுத்துவிடலாமா? (வாசகி, கோவை)

முதலில் அந்த பிளீச் டப்பாவை மூடி அலமாரியில் வையுங்கள். வயது என்ன என்பதை அப்புறம் பார்க்கலாம்.

கொக்கிகளைச் சுற்றி இருக்கும் ஆரஞ்சுக் கறை இரும்புத் துரு. ஆக்ஸிஜன் பிளீச் பொடி தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடுகிறது. கறையை வெளுப்பது அதுதான். ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் பெராக்சைடு தாறுமாறாகச் சிதைந்து, பருத்தி இழையையே அரித்துவிடும். ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் துரு இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பழைய குழந்தைச் சட்டையில் கொக்கிக்கு ஒன்றாக ஏழு ஓட்டை போட்டவள் நான். குளோரின் பிளீச்சைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்குத் துரு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

டிரை கிளீனிங்கும் வேண்டாம். அந்தப் பழுப்பில் பெரும்பங்கு தண்ணீரில் கரையக்கூடியது. டிரை கிளீனிங் திரவத்தில் அது அசையாது. போதாக்குறைக்கு, அந்த இயந்திரம் துணியைப் போட்டுப் புரட்டும்.

சரி, இனி வயது. 'எட்வர்டியன்' என்ற பெயருக்குக் காரணமான இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆண்டது 1901 ஜனவரி முதல் 1910 மே வரை. துணி விற்பவர்கள் அதை 1914 வரை தாராளமாக நீட்டிக்கொள்வார்கள். அவர்கள் பிளவுஸ் என்றது நம் புடவை ஜாக்கெட் இல்லை. நீளப் பாவாடைக்குள் செருகிப் போடும் முழுச் சட்டை. தட்டச்சு செய்யப் போன பெண்ணும் போட்டாள், சீமாட்டியும் போட்டாள். துணியும் லேஸும்தான் வேறுபட்டன.

முன்பக்கத்தைக் கவனியுங்கள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் நீளமாக வெட்டி, இடுப்பில் சுருக்கி, உள்ளே ஒரு நாடா தைத்திருந்தால் அது நல்ல அடையாளம். அக்காலக் கார்செட் (உடம்பை இறுக்கிக் கட்டும் உள்ளுடை) வயிற்றை நேராக அழுத்தி, மார்பை முன்னும் இடுப்பைப் பின்னும் தள்ளியது. அந்த உருவத்துக்கு ஏற்ப பிளவுஸின் முன்பக்கம் புறா நெஞ்சு மாதிரி தொங்க வேண்டும். அடுத்து கை. மணிக்கட்டுப் பக்கம் பை போல உப்பியிருந்தால் 1900களின் தொடக்கம். உப்பல் தோள் பக்கம் ஏறியிருந்தால் 1905ஐ ஒட்டியது. கை ஒட்டிப் பிடித்தாற்போல் இருந்தால் 1908க்குப் பிறகு. காதுவரை எட்டும் காலர், கழுத்துத் தழும்பை மறைக்க உயரக் கழுத்து அணிந்த, எட்வர்டின் மனைவி அரசி அலெக்ஸாண்ட்ராவோடு சேர்த்துப் பேசப்படும் பாணி. 1913 வாக்கில் கழுத்து 'வி' வடிவில் இறங்கியபோது அதற்கு 'நிமோனியா பிளவுஸ்' என்றே பெயர் வைத்துக் கேலி செய்தார்கள்.

துணி மெல்லிய பருத்தியாகத்தான் இருக்கும். அன்றைய ஆங்கிலக் கடைகளில் அதற்கு இருந்த இரண்டு பெயர்கள் நம் பக்கத்தில் இருந்து போனவை: 'மல்', நம் மல் துணியேதான்; 'நைன்சுக்', இந்தியில் கண்ணுக்குச் சுகம் என்று பொருள். லேஸ் பெரும்பாலும் நாட்டிங்ஹாமிலோ பிரான்சின் கலேயிலோ இயந்திரத்தில் நெய்தது. ஆகவே லேஸ் கைவேலை இல்லை என்று தெரிந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஜிப் இருந்தால் அந்தக் காலத்தது அல்ல. டிக் பட்டன் இருக்கலாம். ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் கிடைத்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். துணி மங்கலாக இருக்க, தையல் நூல் மட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அந்தத் தையல் பிற்காலத்தது. துணி முழுக்க ஒளிர்ந்தால் யாரோ இக்கால சோப்புத்தூளில் துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. பட்டாக இருந்தால் இதற்குமேல் படிக்காதீர்கள், தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பட்டின் பசையை நீக்கும்போது குறையும் எடையை ஈடுகட்ட அக்காலத்தில் வெள்ளீய உப்பை ஏற்றுவார்கள். அந்தப் பட்டு இன்று மடிப்பு மடிப்பாகக் கீறிப்போகும்.

பருத்திதான் என்றால், துவைக்கும் முன் பிரிக்க வேண்டியதைப் பிரியுங்கள். துருப்பிடித்த கொக்கிகளையும் கண்ணிகளையும் நூலை வெட்டி எடுத்து, எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலரைத் தடவினால் நெட்டுக்குத்தாகச் சின்னக் குச்சிகள் தட்டுப்படும். சிலவற்றில் கம்பி, சிலவற்றில் செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக். விரலால் சூடுபறக்கத் தேய்த்துக் கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. எளிதில் தீப்பற்றும் பொருள். அதை உள்ளே வைத்துக்கொண்டு காலரை இஸ்திரி போட்டுவிடாதீர்கள்.

அன்றைய வீடுகளில் இதைச் செப்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, உருளையில் கொடுத்துப் பிழிந்திருப்பார்கள். துணி புதிது, தாங்கியது. மென்துணிகளுக்கு மட்டும், கொதிக்கவைக்காமல் அலச, சோப்புச் சீவல்கள் வந்தன. 1900இல் அதற்கு வைத்த பெயர் லக்ஸ். பின்னாளில் நமக்கு நடிகைகளின் குளியல் சோப்பாக வந்து சேர்ந்தது அதே பெயர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சாதுவான வேலை. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கொசுவலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் பிளவுஸைப் படுக்க வையுங்கள். நனைந்த பழந்துணி தன் எடையையே தாங்காது. தூக்கும்போதெல்லாம் வலையோடுதான் தூக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலும் இரும்பு இருக்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. வெதுவெதுப்புக்கு மேல் சூடு வேண்டாம். சோப்பு எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு மாறும். வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள், அரை நாள் ஆனாலும் சரி. பழுப்பில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடுவதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். பிறகு வேண்டுமானால் மென்மையான திரவ சோப்பு சில துளி. வெண்மை கூட்டும் பொருள் சேர்த்த சோப்புத்தூள் கூடாது. கசக்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுங்கள். நுரை முற்றிலும் போகும்வரை அலசுங்கள்.

துரு போகாது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள்; அக்காலத்திலும் சொன்னார்கள். மிச்சமிருக்கும் அமிலம் மெதுவாக நூலைத் தின்னும். முதுகில்தானே இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பிழிய வேண்டாம், கொடியில் போட வேண்டாம். வெள்ளைத் துண்டின்மேல் விரித்து நிழலில் காயவிடுங்கள். நீலமும் கஞ்சியும் இப்போது வேண்டாம். கஞ்சி போட்டு எடுத்து வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்துதான். பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மடிப்புகளுக்குள் அதே துணியைச் சுருட்டி வைத்து, படுக்கைவாட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் புழுங்கும். ஹேங்கரில் தோள் கிழியும்.

மகள் கல்யாணத்துக்கு அதைப் போடலாமா? என்னைக் கேட்டால் கூடாது. கை தூக்கினால் அக்குளில் பிரியும், கழுத்து வியர்வை காலரில் இறங்கும். கார்செட் இல்லாமல் அந்தப் புறா நெஞ்சும் வெறும் பையாகத் தொங்கும். அதைப் பார்த்து ஒன்று புதிதாகத் தைத்துக்கொடுங்கள். காகிதத்தில் அளவெடுத்து, முன்பக்கத் தொங்கலைக் குறைத்து, நல்ல மல் துணியில் தைக்கலாம். துணியையும் லேஸையும் முதலிலேயே நனைத்துச் சுருங்கவிடுங்கள். பொடி மடிப்புகளைத் துணியை வெட்டும் முன்பே தைத்துவிட வேண்டும். வெட்டிய பிறகு தைத்தால் அளவு குறைந்துவிடும்.

லேஸ் பட்டையை இரண்டு துணித் துண்டுகளுக்கு நடுவே இணைக்க முயலாதீர்கள், வளைந்துபோகும். முழுத் துணியின் நல்ல பக்கத்தில் லேஸை வைத்து இரு ஓரமும் தையுங்கள். பிறகு திருப்பிப் போட்டு, லேஸுக்குப் பின்னால் இருக்கும் துணியை மட்டும் நடுவில் கீறி, இருபுறமும் மடித்துப் பொடியாக ஹெம்மிங் செய்யுங்கள். அந்தப் பழைய பிளவுஸைத் திருப்பினால் இதே தையல் தெரியும்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். கடையில் காட்டன் லேஸ் என்று எதைக் கொடுத்தாலும் ஓரத்தில் ஒரு இழையை உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் வாசம் வந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கருப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர், வேறு கடை பாருங்கள்.