சூடான எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்

கேள்வி: 2005ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. மலேசியாவில் பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பி5 சோதனையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – வாசகர், செந்தூல்

முதலில் கிராண்டை (வண்டியின் உரிமைப் பத்திரத்தை) வாங்கி, எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாகப் பார்ப்பது வண்டியின் அடையாளத்தைத்தான். ஆர்எக்ஸ்-8 இல் இது பெரிய விஷயம். பழைய எஞ்சின் போனதும் ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய வண்டி) எஞ்சினைப் போட்டுவிட்டு, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் மாற்றாமல் விடுவோர் உண்டு. சேஸி எண்ணைச் சுற்றி புது பெயிண்டோ, வெல்டிங் தழும்போ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டிக்கியின் விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டில் ஒட்டுப்போட்ட கோடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கருப்புக் கண்ணாடி, அதிகச் சத்தம் போடும் எக்ஸாஸ்ட், தேய்ந்த டயர் எல்லாம் காசு கொடுத்தால் சரியாகிவிடும். முன் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமும், முன் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் உள்ளே வர வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் பி5 பாஸ் என்றால் எஞ்சின் நல்லது என்று அர்த்தமில்லை. எனக்கு உண்மையில் கவலை இங்கேதான். இது பிஸ்டன் எஞ்சின் இல்லை, 1.3 லிட்டர் ரோட்டரி. முக்கோண ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும் அளவு, இறங்கிவிடும். குளிர்ந்த நிலையில் அது வெளியே தெரியாமல் போகலாம். மற்ற வண்டிகளைக் காலையில் ஆறிய எஞ்சினோடு பார்க்கச் சொல்வேன். இதை மட்டும் சூடாகப் பாருங்கள். ஜாலான் ஈப்போ நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். உடனே பிடித்தால் சரி. 'கிர்ர்... கிர்ர்...' என்று இழுத்துக்கொண்டே இருந்தால் கம்ப்ரஷன் மேல் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண கேஜ் ஓர் எண்தான் காட்டும். ரோட்டரி கருவி ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும். 250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 250 சுற்று) 680 கேபிஏ (கிலோபாஸ்கல்) அழுத்தத்துக்குக் கீழே ஒரு முகம் இருந்தாலும் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு நீங்கள் பேரம் பேசிக் குறைத்த தொகையைத் தின்றுவிடும்.

இந்த எஞ்சின் ஆயிலைக் குடிப்பது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. விற்பவரிடம் எத்தனை நாளுக்கொரு முறை ஆயில் பார்க்கிறார் என்று கேளுங்கள். "சர்வீஸில் பார்ப்பார்கள்" என்றால் அந்த எஞ்சின் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கலாம்.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பி5இலோ கம்ப்ரஷன் சோதனையிலோ தோற்றால் பணம் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.