விறகு வாடி வைக்கிறேன் என்கிற மகனுக்கு மெஷின் வாங்கித் தரலாமா?

அம்மா, வணக்கம்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகன் கோயம்புத்தூர் கம்பெனி வேலையை வேண்டாம் என்கிறான், தேவகோட்டைப் பக்கம் விறகு வாடி போடப் போகிறான், விறகு பிளக்கும் மெஷினுக்கு நகையை அடகு வைக்கச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது ஒரு கேள்வி, அதற்குள் இரண்டு இருக்கின்றன. தொழில் செய்யட்டுமா என்றால், செய்யட்டும். மெஷின் வாங்கட்டுமா என்றால், இந்த வருஷம் வேண்டாம்.

"படிச்ச பையன் விறகு விக்கிறதா" என்ற உங்கள் வருத்தத்துக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. நம் பக்கத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன பிள்ளைகள் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாள் என்கிற உதவியாளாகி, அப்புறம்தான் முதலாளி ஆனார்கள். யாரும் நேராகக் கல்லாவில் உட்காரவில்லை. உங்கள் மகனிடம் நான் கேட்பதும் அதுதான். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வாடியில் ஆறு மாதம் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். அந்த ஆறு மாதத்துக்குள் ஆடி மாத மந்தமும், முடிந்தால் ஐப்பசி அடைமழையும் வரட்டும். கல்யாண மாதத்தில் மட்டும் பார்த்தால் எந்தத் தொழிலும் நன்றாகத்தான் தெரியும்.

விறகை யார் வாங்குகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். வீட்டு அடுப்புக்கு வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். செங்கல் சூளைக்காரர்கள் லோடு லோடாக வாங்குவார்கள், ஆனால் விலையை அடித்துக் கேட்பார்கள், பணமும் மெதுவாக வரும். காரைக்குடி வட்டாரத்தில் நல்ல விலை கொடுக்கக்கூடியவர்கள் சமையல் காண்ட்ராக்டர்களும், விறகடுப்புச் சமையல் என்று போர்டு மாட்டியிருக்கும் ஓட்டல்காரர்களும்தான். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் அன்னதானம் என்று பின்கட்டில் அண்டா ஏறும்போது சமையல் மாஸ்டருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: புகையாத காய்ந்த விறகு, அடுப்பு வாய்க்குள் போகிற நீளம், முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்குவது. இந்த மூன்றையும் தவறாமல் செய்கிறவனை அவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

காய்ந்த விறகு என்று சொன்னேன் அல்லவா, லாபமும் நட்டமும் அங்கேதான் இருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் பாதிக்கு நெருக்கமாகத் தண்ணீர் இருக்கும். ஒரு டன் பச்சை விறகில் 450 கிலோ தண்ணீர், 550 கிலோ மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காய்ந்து, எடையில் 20 சதவீதம்தான் தண்ணீர் என்ற அளவுக்கு வரும்போது எடை 690 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அதாவது, கணக்குக்காக டன் 3,000 ரூபாய் என்று வாங்கியிருந்தால், காய்ந்தபின் அதன் அடக்க விலை டன்னுக்கு ஏறக்குறைய 4,360 ரூபாய். இதில் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எதுவும் சேரவில்லை. இந்தக் கணக்குப் போடாமல் ஈர எடைக்கு வாங்கிக் காய்ந்த எடைக்கு விற்றால், வியாபாரம் நடந்துகொண்டே கையில் இருக்கும் காசு கரையும். மகனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். டிப்ளமோ படித்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை. போட்டுவிட்டு முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

காயவைக்க இடம் வேண்டும், காலம் வேண்டும். மாசி, பங்குனியில் வெட்டியதைச் சித்திரை வெயிலில் போட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குக் கைக்கு வரும். அடியில் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி அடுக்க வேண்டும். தார்ப்பாய் மேலே மட்டும்தான், பக்கவாட்டில் காற்றுப் போகணும். முழுக்க மூடினால் பூஞ்சை பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்த விறகு வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை. அதனால் முதல் வருஷப் பணம் தகரக் கொட்டகைக்கும் சரக்குக்கும் போகட்டும்.

இனி மெஷின். நம் பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். நின்று எரியும், நல்ல கங்கு விழும். ஆனால் தண்டு பெருசாக இருக்காது. கைப்பிடிப் பருமன் உள்ள கட்டையை அடுப்புக்கு வேண்டிய நீளத்துக்கு அறுத்தால் போதும், பிளக்க வேண்டியதே இல்லை. அப்புறம் பிளக்கும் மெஷின் எதற்கு? புளி, மா, நாட்டுக் கருவேலம், வேர்ப்பக்கத்துத் தூர்க்கட்டை என்று பருத்த மரம் வாரம் தவறாமல் வந்தால்தான் அதற்கு வேலை. அதுவரை கோடாலி, ஆப்பு, சம்மட்டி, கூலிக்கு ஒரு பழகிய ஆள் போதும்.

முதலில் வாங்க வேண்டியது எலக்ட்ரானிக் பிளாட்பாரத் தராசு. வருஷத்துக்கு ஒருமுறை எடையளவு ஆய்வாளரிடம் முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தது செயின் சா, அதாவது கையில் பிடித்து மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம். செயின் சுற்றி ஓடுகிற தகட்டுக்குப் பார் என்று பெயர், 16 அல்லது 18 அங்குலப் பார் உள்ளது தாராளம். பெரியதாக வாங்கினால் கை வலிதான் மிச்சம். செம்மண் ஒட்டிய பட்டையை அறுத்தால் செயின் சீக்கிரம் மழுங்கும். உருண்டை அரத்தால் தானே தீட்டத் தெரிய வேண்டும். ஸ்பேர் செயின், பார், ஸ்பார்க் பிளக் காரைக்குடியிலோ மதுரையிலோ கையோடு கிடைக்கிற பிராண்டாகப் பாருங்கள். விலை குறைவு என்று ஆன்லைனில் வாங்கி, பழுதானால் முகூர்த்த வாரத்தில் பார்சலுக்குக் காத்திருக்க முடியாது. எகிறினால் செயினை உடனே நிறுத்துகிற செயின் பிரேக் இல்லாததைத் தொடவே கூடாது. பாரின் நுனி மேல்பக்கம் கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். கண்ணாடி, காது மூடி, தடித்த ஷூ எல்லாம் விலையோடு சேர்ந்த செலவு. சீமைக்கருவேல முள் டயரையே விடாது, செருப்பை விடுமா?

பிளக்கும் மெஷினில் இரண்டு வகை காட்டுவார்கள். சுழலும் கூம்புத் திருகு வைத்தது விலை மலிவு. ஆனால் லுங்கி நுனியோ தோள் துண்டோ சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அது வேண்டவே வேண்டாம். பின்னால் வாங்குவதானால் ஹைட்ராலிக்தான், அதிலும் இரண்டு கையாலும் பிடித்தால் மட்டும் ஓடுகிற மாதிரி. டீலர் நேர்நாருள்ள சவுக்கைப் பிளந்து காட்டி அசத்துவார். உங்கள் மகன் கணு விழுந்த தூர்க்கட்டை ரெண்டு கொண்டுபோய், "இதைப் பிளந்து காட்டுங்க" என்று சொல்லட்டும்.

வாடியில் வட்ட ரம்பம் பொருத்தும் ஆசை இருந்தால் கொஞ்சம் நிதானம். மரம் அறுக்கும் ஆலைகளுக்கு வனத்துறை உரிமம் உண்டு, சிறிய ரம்பமும் அந்தக் கணக்கில் வந்துவிடலாம். வாங்குமுன் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். எந்த மரத்தை ஏற்றிப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதையும் அதே நடையில் கேட்டுவிடலாம். கண்மாய்க்குள் நிற்கிற மரத்தை ஏலம் எடுக்காமல் வெட்டக் கூடாது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. இடிக்கிற பழைய வீட்டுக் கட்டை மலிவாக வரும், பெயிண்ட் அடித்ததைச் சமையலுக்குத் தரவே கூடாது.

நகையை வைக்காதீர்கள். முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும், தராசுக்கும் செயின் சாவுக்கும் அதை வைத்து ஆரம்பிக்கலாம். மானியத் திட்டங்களுக்குச் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். திட்ட அறிக்கையை மகனே எழுதட்டும், ஏஜெண்டிடம் கொடுத்து எழுத வேண்டாம். ஆறு மாதம் முடிந்து, மூன்று சமையல் காண்ட்ராக்டராவது "தம்பி, நீ போட்டா உன்கிட்டயே வாங்குறேன்" என்று சொல்லியிருந்தால், அவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அவனை என்னிடம் அனுப்புங்கள், இடம் பிடிப்பதைப் பற்றிப் பேசுவோம். ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால், டிப்ளமோ அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அப்போதும் நேரம் இருக்கும்.