வாசகர் கேள்வி – பதில்: இரண்டாம் பரிசு

கேள்வி: ஐயா, பதினொரு வயதாகும் என் மகள் பள்ளி ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றாள். அன்றிலிருந்து தூரிகையைத் தொடவே இல்லை. "முதல் பரிசு இல்லையென்றால் எதற்கு வரைய வேண்டும்?" என்கிறாள். போட்டி இருந்தால்தான் முன்னேற்றம் என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தவள் நான். தவறு என்னுடையதா? – ஒரு தாய்

பதில்: முழுத் தவறும் உங்களுடையது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அந்தக் கேள்வி குழந்தையின் மனத்தில் தானாக முளைத்தது அல்ல. பெரியவர்களாகிய நம் பேச்சிலிருந்து அவள் பொறுக்கி எடுத்துக்கொண்டது. பரிசோடு படியேறி வரும் குழந்தையிடம், "என்ன வரைந்தாய், காட்டு" என்று சொல்வதற்கு முன்பே, "அப்படியானால் முதல் பரிசு யாருக்கு?" என்று கேட்டுவிடுகிறோம். விரித்துக் காட்டக் காத்திருந்த தாளை அந்தப் பிஞ்சு விரல்கள் மெல்லச் சுருட்டிக்கொள்வதை நாம் கவனிப்பதில்லை.

இந்த வருத்தம் உங்கள் மகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றவர்களின் முகங்களை ஒளிப்பதிவில் காட்டி மதிப்பிடச் செய்த அமெரிக்க உளவியலாளர்கள், வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியோடு காணப்பட்டார்கள் என்று 1995இல் எழுதினார்கள். பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடும் என்று வெண்கலக்காரர் நிம்மதி கொள்ள, தங்கம் கைநழுவிவிட்டதே என்று வெள்ளிக்காரர் மருகுகிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். உலகிலேயே இரண்டாவதாக நிற்பவரையே இந்த நினைப்பு வாட்டுமானால், குழந்தை மனம் என்ன பாடுபடும்!

முப்பது பேர் படிக்கும் வகுப்பில் அத்தனை பேரும் இரவுபகலாக உழைத்தாலும், இருபத்தொன்பது பேருக்கு முதலிடம் கிடைக்கப்போவதில்லை. மனிதரின் மதிப்பை அவர் பிடித்த இடத்தைக் கொண்டே அளக்கும் சமூகம், அந்த இருபத்தொன்பது பேரையும் தோற்றவர்கள் என்று முன்கூட்டியே முத்திரை குத்திவிடுகிறது. அவர்களில் பலர், தங்களுக்கு உயிராக இருந்த பாட்டையும் விளையாட்டையும்கூட, வெல்ல முடியாது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடுகிறார்கள். எனக்குப் பெரும் துயரமாகப் படுவது இதுதான்.

மகளுக்கு இப்போது அறிவுரை வேண்டாம். அந்த ஓவியத்தை எடுத்துவைத்து அருகில் உட்கார்ந்து, இந்த நீலத்தை எப்படிக் கலந்தாய், இந்த மரத்தை ஏன் சாய்த்து வரைந்தாய் என்று கேளுங்கள். அவளாக விரும்பிக் கேட்கும்வரை வேறு போட்டிகளுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: போட்டி இல்லாவிட்டால் மனிதன் சோம்பேறியாகிவிட மாட்டானா? தரவரிசை இல்லாமல் ஓர் அலுவலகம் நடக்குமா? – ஓர் அலுவலர்

பதில்: போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டப்பந்தயம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுக் கலைந்து போகலாம். முடிவே இல்லாத பந்தயமாக வாழ்க்கையை மாற்றும்போதுதான் கேடு தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பல ஆண்டுகளாக, ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மேல்நிலை, இத்தனை பேர் கடைநிலை என்று கட்டாயமாகப் பிரிக்கும் முறை இருந்தது. குழுவில் எல்லோருமே திறமைசாலிகளாக இருந்தாலும் சிலரைக் கீழே தள்ளித்தான் ஆகவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது தன் இடத்தைத் தானே பறிகொடுப்பதாகிவிடும். திறமையானவர்களோடு ஒரே குழுவில் சேரவே தயங்கினோம் என்று அங்கே பணியாற்றியவர்களே சொன்னார்கள். 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்ட நிறுவனம், கூட்டாக உழைப்பதற்கும் சக ஊழியரின் வெற்றிக்கு உதவுவதற்கும் கூடுதல் முக்கியத்துவம் தரப்போவதாக அறிவித்தது.

உங்கள் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொறுமையாக வேலை கற்றுக்கொடுப்பவர் யார் என்று கவனியுங்கள். அந்தப் பொறுமைக்கு எந்தத் தரவரிசையிலும் மதிப்பெண் இருக்காது. ஆனால், அவர் ஒருநாள் விடுப்பில் போனால் என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.