உருகி வந்த சீரம், திரும்பாத பணம்

கேள்வி: ஒத்தக்கடை பக்கம் சின்னதாக ஒரு கரு வளர்ப்பு ஆய்வுக்கூடம் நடத்துகிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான், இதுதான் பிழைப்பு. பசுக் கரு வளர்க்கும் ஊட்டத் திரவமான மீடியாவில் சேர்க்க, கன்றுக் கரு சீரம் (கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) 500 மில்லி பாட்டில் ஒன்றைச் சலுகை விலையில் வாங்கினேன். சென்னையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் மாட்டுத்தாவணிக்கு வந்தது. உறைந்து வர வேண்டியது வெதுவெதுப்பான தண்ணீராக வந்தது. அவசரத்தில் அதையே பயன்படுத்தினேன். ஏழாம் நாள் பார்த்தால் பிளாஸ்டோசிஸ்ட் (மாட்டில் வைக்கும் பக்குவத்துக்கு வளர்ந்த கரு) வழக்கத்தில் பாதிதான். "திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்றவர்.

பதில்: பார்சல் பிரித்த அன்றே படம் எடுத்து அனுப்பியிருந்தால் வேலை பாதி முடிந்திருக்கும். சரி, போனது போகட்டும்.

சீரம்தான் காரணம் என்று நீங்கள் இன்னும் காட்டவில்லை. விந்துக் குச்சி (உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழல்) மாறியிருக்கலாம். மீடியாவின் மேலே ஊற்றும் மினரல் ஆயில் வெளிச்சம் பட்டுக் கெட்டிருக்கலாம். கரண்ட் போய் இன்குபேட்டர் 38.5 டிகிரியிலிருந்து இறங்கியிருக்கலாம். எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். பழைய லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) சீரம் மிச்சம் இருக்கிறதா? ஒரே நாளில் எடுத்த முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழையது, மறு பாதிக்குப் புதியது. மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். மூன்று முறையாவது செய்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று முறையும் புதியதே தோற்றால் உங்கள் பேச்சுக்கு எடை வரும். பாட்டிலில் மெல்லிய இழை மிதப்பதை மட்டும் புகாராக எழுதாதீர்கள்; உருகிய சீரத்தில் அது சாதாரணம்.

அடுத்து சட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்குவது அந்த வணிக நோக்கில் சேராது. ஆகவே உங்களுக்கு வழி இருக்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. திறக்காமல் சீரத்தின் குறையை யார் கண்டுபிடிப்பது? முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

இனி வாங்கும்போது: சீரம் லாட்டுக்கு லாட் மாறும் சரக்கு. பிராண்டைப் பார்த்து மொத்தமாக எடுக்காதீர்கள். சின்ன மாதிரி வாங்கிச் சோதித்து, பிடித்திருந்தால் அதே லாட்டில் ஓர் ஆண்டுக்கானதை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கருவில் சோதித்த சான்று, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) அளவு, லாட் எண் மூன்றும் பில்லோடு வரட்டும். வந்ததும் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20ல் வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் நீங்களே கெடுத்ததாகிவிடும். எனக்கென்னவோ, கரு வளர்ப்புக் கட்டத்தில் சீரத்தையே விடலாம் என்று தோன்றுகிறது. 1972ல் வந்த செயற்கைக் கருக்குழாய்த் திரவத்தோடு கொழுப்பமிலம் நீக்கிய அல்புமின் புரதம், அமினோ அமிலங்கள், இன்சுலின்-டிரான்ஸ்ஃபெரின்-செலினியம் கலவை சேர்த்துப் பல கூடங்கள் ஓட்டுகின்றன.

கேள்வி: எங்கள் புலிக்குளம் பசுவின் கருவை வேறு மாட்டில் வைத்துத் தர, "ஸ்பெஷல் சப்ளிமெண்ட்" என்று தனிக் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: வேண்டாம். இட்லிக்கு உளுந்துக் காசு தனியாகவா தருகிறோம்? சப்ளிமெண்ட் என்பது கரு வளர்க்கும் மீடியாவில் சேர்ப்பது; மீடியா அவர்கள் செலவு. நீங்கள் வாங்குவது சினை. அதனால் ஒரு மாதம் கழித்து ஸ்கேனில் சினை தெரிந்த பிறகு மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். கருவைச் சீரத்தில் வளர்த்தார்களா என்றும் கேளுங்கள். சீரத்தில் வளர்ந்த கருக்களில் சில, அளவுக்கு மீறிப் பெருத்த கன்றாகி ஈற்றில் சிக்கல் செய்வது தெரிந்த விஷயம். தலையீற்றுக் கிடேரியில் வைப்பதாக இருந்தால் இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.